ஏழு இருக்கை

பரிசோதகர் காருக்குக் கீழே போய்
சின்னச் சுத்தியலால் தட்டினார்.
இரும்பு மணிச்சத்தம் போடவில்லை,
நனைந்த பிஸ்கட் மாதிரி உதிர்ந்தது.
தாளில் பதினொரு குறை எழுதிவிட்டு
"இதைத் திருத்துகிற காசுக்கு..." என்றார்.
வசனத்தை முடிக்கவில்லை.
பேர்ன்காரர் அப்படித்தான்.

இரண்டு லட்சத்து எண்பத்தேழாயிரம் கிலோமீட்டர்.
அதில் பாதி, விடிய நாலரைக்கு
லாங்கென்தால் உறங்கிக் கிடக்க
முதியோர் இல்லத்துக்கு நான் தனியே ஓடியது.
மற்றப் பாதியில்
வலப்பக்கம் இருந்து குகதாசன்
இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தார்.
அந்த இடத்தில் கம்பளம் தேய்ந்து
குதிக்கால் அளவில் ஒரு வட்டம்.
லைசென்ஸ் எடுக்காத மனிசன்
பதினாறு வருசம் ஓட்டியதற்கு அத்தாட்சி.

சனிக்கிழமை ஷோரூம் போனோம்.
ஸ்பின்டன் என்ற பெடியன், பளபளத்த சப்பாத்து,
எல்லாக் கேள்வியையும் அவரிடமே கேட்டான்.
அவர் எல்லாவற்றுக்கும் என்னைப் பார்த்தார்.
நாலாவது கேள்வியில்
அவன் கழுத்தும் என் பக்கம் திரும்பப் பழகியது.

மகள் யதுஷா, மின்சாரம் இல்லாவிட்டால்
ஏறவே மாட்டேன் என்றாள்.
சாருகனுக்குக் கூரையில் கண்ணாடி வேணும்,
மழையைப் படுத்திருந்து பார்க்கலாமாம்.
நான் கேட்டது உயரம்.
இருக்கையும் என் இடுப்பும் ஒரே மட்டமென்றால்
முழங்கால் என்னோடு கதைக்க வராது.

பிறகு பழைய காரின் டிக்கியைத் திறந்து
இருபது கிலோ அரிசி மூட்டையையும்
கோயில் அன்னதான அண்டாவையும் இறக்கினேன்.
யதுஷா ஓடிப்போய்
டயர் அடுக்குக்குப் பின்னால் நின்றாள்.
முதல் கார்: அண்டா போனது, கதவு மூடவில்லை.
இரண்டாவது: கதவு மூடியது, மூட்டை வெளியே.
மூன்றாவது, விலை கூடிய வெள்ளை,
அண்டாவைக் காதோடு விழுங்கியது.
ஸ்பின்டன் லீற்றர் கணக்குச் சொன்னான்.
நான் எண்பது பேர் கணக்குச் சொன்னேன்.

"ஐந்து இருக்கையா, ஏழா?"

ஏழுக்கு ஆயிரத்து அறுநூறு பிராங்க் கூட.
அதுவரை ஆளுக்கொரு வாய் வைத்திருந்த நாங்கள்
அதற்கு மட்டும் வாய் திறக்கவில்லை.

பழையதின் கடைசி வரிசையில்
தேவகியக்காவின் பெட்டையள் இரண்டு பேரும்
கொத்தார்ட் சுரங்கம் முடியும்வரை
மூச்சடக்கப் பந்தயம் கட்டி
அரை நிமிசத்தில் களவு செய்து சிரித்தவை.
டொரொண்டோ போய் ஆறு வருசம்.
யதுஷா செப்டெம்பரில் லோசான் போகிறாள்.
சாருகனுக்குப் பதினைந்து,
எங்களோடு போகிற இடமெல்லாம் அவனுக்குத் தூரம்.
எண்ணிப் பார்த்தால் ஏழில்
இரண்டுதான் உறுதி.
அதில் ஒன்று பிரேக் மிதிக்கும்.

"தேவையில்லாவிட்டால் மடித்துவிடலாம்" என்று
ஸ்பின்டன் ஒரு நாடாவை இழுத்தான்.
பின்னிருக்கை இரண்டும்
சத்தமே இல்லாமல் தரைக்குள் போயின.
இவ்வளவு சுகமாய்ப் போகுமென்று
நான் நினைக்கவில்லை.
"திரும்ப எழுப்புங்கோ."
எழுப்பினான்.
"இன்னொருக்கா."

வியாழன் பின்னேரம் பழையதைத் துப்புரவாக்கினோம்.
ஒரு நீல நேரத்தட்டு. ஒற்றைக் கையுறை.
கண்ணாடி இடுக்கில் யாரோ செருகிச் செருகிப் போன
'உங்கள் காரை வாங்குவோம்' அட்டை ஒரு கட்டு;
அதில் ஒருவரைத்தான் கடைசியில் கூப்பிட்டிருந்தோம்.
மேலதிகச் சில்லுக்கு அடியில்
ஈரம் ஊறிய கம்பளத்தில்
எப்போதோ கிழிந்த பையின் வெந்தயம்
நாலு முளை விட்டு, வெளிச்சம் காணாமல்
வெளிர் மஞ்சளாய் வளைந்து நின்றது.
குகதாசன் அதைக் கிள்ளி
ரசீதொன்றில் சுற்றிச் சட்டைப்பையில் வைத்தார்.
வாங்க வந்தவர் அறுநூறு என்றார்.
எழுநூற்றைம்பதில் முடிந்தது.

ஒப்பந்தத்தில் ஏழு என்றுதான் இருக்கிறது.
எதற்கு என்று வீட்டில் கேட்டார்கள்.
அண்டாவுக்கு என்றேன்.
"இருக்கை நிமிர்ந்து நின்றால்
அண்டா உள்ளே போகாதே அம்மா" என்றான் சாருகன்.

தெரியும் என்றேன்.